ஜெபராஜ் சாரின் காராமணி

ஜெபராஜ் சார் இல்லை.

நேற்றுக் காலை கிரேஸ் அக்கா போன் செய்தார். “சார் எழுந்திரிக்கலம்மா... எழுப்பிப் பாத்துட்டேன்...”

கிரேஸ் அக்கா சாரின் மனைவி. சார், படப்பைப் பக்கம் ஒரு பிளேட்டிங் கம்பெனி லேபில் என்னோடு வேலை பார்த்தவர். பக்கத்து டேபிள்.

பைக் பாகங்களுக்கு நிக்கல் முலாம் பூசிக் கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்து வெளியே விடுவார்கள். விடும் முன் அதில் நிக்கல் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

இருந்தால் சார் வால்வைத் திறக்கவே விடமாட்டார். மேனேஜர் வந்து கத்தினாலும் “கத்துங்க சார், தண்ணி போகாது” என்பார்.

இந்த மனிதருக்கு ஒரே ஒரு ஆசை. ஊரப்பாக்கம் வீட்டு மொட்டைமாடியில் தானே காய் விளைவித்து, சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்கு... அன்று அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள்.

நம்ம ஏரியாவில் வயல் ஏது? தாம்பரம் மார்க்கெட்டில் பூசணிக்காய் வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். சாரும் அப்படித்தான், ஆனால் மனசுக்கு ஒப்பாது. “கடையில வாங்கினதுக்கு நான் என்னம்மா ஸ்தோத்திரம் சொல்றது? கடைக்காரன்ல சொல்லணும்!”

காராமணி போட்டார். கொடி வரும், இலை வரும்... இலை நுனி கருகும். செடி அப்படியே சுருண்டுவிடும். ஒவ்வொரு வருஷமும் இதே கூத்து.

இந்த வருஷமும் கருக ஆரம்பித்ததும் மனுஷன் நொந்தே போய்விட்டார். டிபன் பாக்ஸைத் திறக்காமல் போனில் இலைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “யூரியா கரைச்சு இலை மேல ஸ்ப்ரே பண்றேன்... இன்னும்தான் கருகுது. நமக்குக் குடுத்து வைக்கல, விட்டுடலாம்மா.”

எனக்கு வந்ததே கோபம்! போனைப் பிடுங்கி, படங்களை எங்கள் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

குன்றத்தூரில் நர்சரி வைத்திருக்கும் ஒரு அக்கா... அக்ரி படித்தவர்... உடனே வாய்ஸ் மெசேஜ் போட்டார். “இன்னா மண்ணு? இன்னா தண்ணி? மொதல்ல அத சொல்லுங்க.”

சார் பெருமையாகச் சொன்னார். மண்ணே கிடையாதாம். அலசி அலசி எடுத்த தேங்காய்நார்த் தூள். ஊற்றுவது ஆர்ஓ தண்ணீர். “போர் தண்ணில என்ன இருக்கோ, ஏது இருக்கோ!”

லேப் ஆள் இல்லையா... செடிக்கும் லேப் சுத்தம்.

பதில் வந்தது. “அதான் விஷயம். இலை மேல அடிக்கிற யூரியாவ செடி ஒடைச்சாதான் அதுக்கு சாப்பாடு. ஒடைக்கிற என்சைமுக்கு நிக்கல் வேணும், துளியூண்டு. மண்ணுல அது தானாவே கீது. நீங்கதான் மண்ணே வெக்கலியே! ஒடையாத யூரியா நுனியில சேந்துகினு கருக்குது.”

நிக்கல்!

சார் மெசேஜை மறுபடி போடச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள்... லேபே திரும்பிப் பார்த்தது. “அடப்பாவமே! வேலைக்குச் சேந்த நாள்லேருந்து இத வெளிய விடாம புடிச்சு வெச்சிட்டிருக்கேன். என் செடி இதுக்கா ஏங்கிப்போய் நின்னுச்சு?”

நான் சும்மா இருப்பேனா? “கழுவுன தண்ணி ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போங்க சார்” என்றேன்.

சிரிப்பு நின்றது. முறைத்தார். “விளையாடாத. அளவு மீறினா வேரே போயிடும். அதுவும் இல்லாம, யாரோ ஒருத்தர் வாங்கி சாப்பிடப் போறாங்கம்மா.”

அந்த வாரமே செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து புதுத் தொட்டி போட்டார். யூரியா ஸ்ப்ரேயை நிறுத்தினார். ஆர்ஓ தண்ணீரில் பாதி போர் தண்ணீர் சேர்த்தார்... அதையும் பயந்து பயந்துதான்.

புது இலை நுனி வரைக்கும் பச்சை! தினமும் காலையில் படம் வரும், ஒரு குட்மார்னிங் கூட இருக்காது. “நிக்கல் வேலைய பாத்தீங்களா சார்” என்றால், “மண்ணுல எத்தனையோ சத்து இருக்கு, டெஸ்ட் பண்ணாம சொல்லக் கூடாது” என்பார். அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

போன ஞாயிறு பண்டிகை. என்னையும் கூப்பிட்டிருந்தார்.

பூசணிக்காய்களுக்கு நடுவில், வாழைநாரில் கட்டிய ஒரு கட்டுக் காராமணி. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் சார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

ஏலத்தில் நானும் கேட்டுப் பார்த்தேன். பின்வரிசையில் ஒரு அம்மா விட்டுக்கொடுக்கவே இல்லை, ஜெயித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் யாரென்றே சாருக்குத் தெரியாது.

“யாரோ வீட்டுக்குப் போகுது பாத்தியா கிரேஸு!” என்று அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த முகத்தை நான் பார்த்தேன். அது போதும் எனக்கு.

இன்று அடக்கம். வீட்டில் கூட்டமாக உட்கார்ந்திருந்தோம். ஏலத்தில் ஜெயித்த அந்த அம்மா வந்தார்.

துக்கம் கேட்க வந்தவர் இல்லை. சர்ச்சில் முன்பே வீட்டை விசாரித்து வைத்து, இன்று சாரைப் பார்க்க வந்திருக்கிறார்... வாசலில் ஷாமியானாவைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயமே தெரியும்.

தயங்கித் தயங்கி கிரேஸ் அக்காவிடம் வந்தார். “ஏலத்துல எடுத்தேனே, அந்தக் காராமணி... பொரியல் பண்ணேன். அவ்ளோ ருசி. சார்கிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்மா...”

நேற்றிலிருந்து ஒரு சொட்டு அழாமல் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தார். பெட்டியருகே போய், குனிந்து, சாரின் காதோரம் சொன்னார்.

“ஏங்க... பொரியல் நல்லா இருந்துச்சாம்.”

போயிட்டு வாங்க சார்.