நுண்வலையில் குறைந்த நீர்

இங்கே நான் சரிபார்த்தவற்றை மட்டுமே எழுதுகிறேன். நானே அளந்தவை, நானே கணக்கிட்டவை, என் காதால் கேட்டவை ஆகியவற்றுக்கு அப்பால் ஒன்றையும் சேர்க்கவில்லை. நினைவு தடுமாறும் இடங்களை விட்டுவிட்டேன். சரிபார்க்கப்படாத ஒரு படம், தெளிவாக இருந்த ஒரே காரணத்தால், என் வீட்டில் இரண்டு பேரை மூட்டை கட்ட வைத்ததைக் கண்டவள் நான். அதன் பிறகு, தெளிவாகத் தோன்றும் எதையும் எழுதக் கை தயங்குகிறது.

அண்ணனின் வீடு குன்னூரை அடுத்த ஜெகதளாவில், சாலைக்குக் கீழ்ப்புறம், தேயிலைச் சரிவின் விளிம்பில் இருக்கிறது. இம்மலையின் பல வீடுகளைப் போலவே அதுவும் பாதி வெட்டிய தரையிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கிறது. பின்புறம் சரிவை வெட்டி, அந்த மண்ணையே முன்புறம் கொட்டிச் சமன்செய்து, அதன்மேல் எழுப்பிய வீடு. சமையலறையும் சாமான் அறையும் வெட்டிய தரையில். கூடமும் படுக்கையறையும் கொட்டிய மண்ணில். ஐப்பசி மழையில் கூடத்துச் சுவர் விரிசல் விட்டது. அண்ணனும் அண்ணியும் குன்னூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மணமான தங்கையின் வீட்டில் தங்குவது அண்ணனுக்கு நாளுக்கு நாள் கூச்சமாயிற்று. என் மாமியார் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவர் சொல்லாததே அண்ணனுக்குப் பாரமாக இருந்தது. காலையில் பேருந்தேறித் தம் மளிகைக் கடைக்குப் போவார், இருட்டும் வேளையில் திரும்புவார். திரும்பியதும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: வீட்டுக்குப் போகலாமா, வேண்டாமா?

நான் கோவையிலுள்ள ஒரு மண்ணாய்வு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே வேலை செய்யும் பொறியாளர். நிறுவனத்தின் அனுமதியோடு அண்ணன் வீட்டு முற்றத்தில் ஓரிடத்தில் துளையிட்டு மண் எடுத்தோம். பிறகு நான் கணக்கிடத் தொடங்கினேன்.

ஒரு சரிவைக் கணினியில் ஆராய, அதை முக்கோணக் கண்ணிகள் கொண்ட வலையாகப் பிரிக்கிறோம். மழைக்காலம் முழுவதையும் கணக்கிடப் பெரிய கண்ணிகள் கொண்ட பருவலை போதும். அந்தப் பருவலையில் மண்ணில் எங்கே எவ்வளவு நீர் ஊறியது என்பது தோராயமாகத் தெரிந்தது. ஆனால் வீட்டின் அடியில் என்ன நடக்கிறது என்பதைப் பருவலை காட்டாது. ஆகையால் அவ்விடத்தை மட்டும் சிறு கண்ணிகள் கொண்ட நுண்வலையாக மாற்றி, பருவலை கண்ட நீரை அதற்குள் கொண்டுசேர்த்தேன். அந்த வேலையை மென்பொருளே செய்யும். நான் அதைச் செய்யவிட்டு, சரிவின் உறுதியைக் கணக்கிடச் சொல்லிவிட்டு, தேநீர் போட எழுந்து சென்றேன்.

திரும்பி வந்தபோது, அன்று கடைக்கு விடுமுறையாதலால் வீட்டிலிருந்த அண்ணன் திரையின் முன் நின்றிருந்தார். படம் முழுவதும் நீலமாக இருந்தது. நீலம் என்றால் உறுதி.

“இதுதான் படம். முன்னால போட்டது கட்டங் கட்டமா, தண்ணி பட்ட கோலமாட்ட இருந்துச்சு,” என்றார்.

இன்னும் சரிபார்க்கவில்லை என்றேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அண்ணி கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கியிருந்தார்.

சரிபார்ப்பது எளிது. இரண்டு வலைகளிலும் ஒரே பரப்பிலுள்ள மொத்த நீரைக் கூட்டிப் பார்க்க வேண்டும். வலை மாறியதால் மழைநீர் வற்றிவிட முடியாது. ஆனால் நுண்வலையில் நீர் குறைந்திருந்தது. பிழை என்னுடைய கூட்டலில் இருக்கும் என்று நம்பி மறுபடியும் கூட்டினேன். அப்போதும் குறைந்தே இருந்தது.

காரணம் வெட்டிய தரையும் கொட்டிய மண்ணும் சந்திக்கும் கோட்டில் இருந்தது. பருவலையில் நீரின் அளவு ஒவ்வொரு கண்ணியின் உட்புறத்துக்கும் உரியது. மென்பொருள் அதைக் கண்ணிகள் சேரும் முடிச்சுகளுக்குச் சராசரியாக்கி, அங்கிருந்து நுண்வலைக்குப் பங்கிட்டிருந்தது. கோட்டின் மேலிருந்த முடிச்சுகள் ஒருபுறத்து இறுகிய தரையின் ஈரத்தையும் மறுபுறத்து ஊறிய மண்ணின் ஈரத்தையும் கலந்து நடுவாக்கிவிட்டன. ஊறிப்போன மண் கணக்கில் காய்ந்துபோயிற்று; இறுகிய தரையின் பங்குக்கு வந்த மிகுநீரை, அது கொள்ளாது என்று மென்பொருள் வெட்டிவிட்டது. பருவலையின் தோராயத்தைவிட நுண்வலையின் தெளிவு மோசமாகப் பொய் சொன்னது.

இரு பக்கங்களையும் தனித்தனியே பிரித்து, ஒன்றன் நீர் மற்றொன்றில் கலவாமல், மொத்தம் குறையாமல் மீண்டும் கொண்டுசேர்த்தேன். கூடத்துக்கு அடியில் ஒரு சிவப்புப் பட்டை விழுந்தது. மண் தாங்கும் வலுவும் அதைக் கீழே இழுக்கும் பாரமும் அங்கே ஏறத்தாழச் சமமாக இருந்தன.

அந்தக் கோட்டைக் காட்டி அண்ணனிடம் சொன்னேன்.

“காலையில நீலம், இப்பச் சிவப்பு. சேலைக் கடையாட்ட எடுத்து எடுத்துப் போடறே. நாளைக்கு என்ன கலருன்னு இப்பவே சொல்லிப்போடு.”

நீலம் தவறு என்றும், சிவப்பு அதைவிட நம்பத்தக்கது என்றும், ஆனால் கொட்டிய மண்ணின் ஆழம் ஓரிடத்தில்தான் அளக்கப்பட்டது என்றும் விளக்கினேன். நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. கேட்டது அண்ணிதான்.

“ஏங்கண்ணு, அந்தக் கோடு நம்ம ஊட்டுக்குள்ள எங்க வருது?”

“சமையலறை வாசப்படிகிட்ட, அண்ணி.”

“அப்பச் சமையலறையில படுத்துக்கலாமுங்க,” என்று அவர் அண்ணனைப் பார்த்துச் சொன்னார். மடித்த துணிகளைப் பையில் வைக்கத் தொடங்கினார்.

நான் வலைக்காக வகுத்த கோடு அந்தக் கணத்தில் அவர்களுக்கு வேலியாகிவிட்டது. கோட்டுக்கு இப்புறம் நல்லது, அப்புறம் கெட்டது. அப்படி நான் சொல்லவில்லை. அப்படியில்லை என்று காட்டவும் என்னிடம் கணக்கு இல்லை.

“அண்ணா, கூரை ஒண்ணுதான், சுவரும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கு. முன்னாடி போச்சுன்னா பின்னாடி என்னாகும்னு நான் கணக்குப் போடல.”

“போடு. அதுவரைக்கும் நாங்க எங்க படுக்கறது, உன்ற கம்ப்யூட்டர் பொட்டி மேலயா?”

பேச்சில் கோபமில்லை. மழை முடியும்வரை இருக்கும்படி மன்றாடினேன். என் மாமியாரும் வந்து இருக்கச் சொன்னார். அவரே கேட்கும்படி ஆன பிறகு, கூச்சத்தில் அண்ணன் ஒரு நாளும் தங்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது அவர்கள் வீட்டின் பின்பாதியில் இருக்கிறார்கள். கூடத்தையும் படுக்கையறையையும் பூட்டிவிட்டார்கள். விரிசல் அகன்றால் உடையும்படி அதன் குறுக்கே நான் ஒட்டிய கண்ணாடித் துண்டை வாரந்தோறும் போய்ப் பார்க்கிறேன்; அது உடையவில்லை. அதனால் தெரிவது, ஒட்டிய நாளிலிருந்து அவ்விரிசல் அசையவில்லை என்பது மட்டுமே. சென்றமுறை அண்ணி, கூடத்தில் கிடக்கும் கட்டில் வீணாகிறதே என்றார். நான் கூடத்துப் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

பின்பாதியைக் கணக்கிட வேண்டுமானால் வீட்டின் அடித்தளம் எவ்வளவு ஆழம், முன்சுவரும் பின்சுவரும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பவை தெரிய வேண்டும். அதற்கு வரைபடம் இல்லை. தோண்டிப் பார்க்கலாம்; ஆனால் ஈரம் உலராத அம்மண்ணைத் தோண்டுவது பாதுகாப்பா என்பதும் எனக்குத் தெரியாது. முன்பாதி சரிந்தால் பின்பாதி நிற்குமா என்பது எனக்குத் தெரியாது.