ஓரகத்தியின் கொத்துக்கறி ட்ரே

வாணலியில் கிடக்கும் மாட்டுக் கொத்துக்கறியை மார்லிஸ் கரண்டியால் கிளறுவதில்லை. உருளைக்கிழங்கு மசிக்கும் மத்தால் குத்துகிறாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை மத்தில், கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பள்ளிப் பேருந்தின் மேல். கறி பொடிப்பொடியாக உதிர்ந்த பிறகுதான் வெங்காயம் உள்ளே போகும். "கட்டி கட்டியா கெடந்தா பிள்ளைங்க கறிய மட்டும் பொறுக்கித் தின்னுட்டு வெங்காயத்த ஒதுக்கிடும்" என்கிறாள். யாரும் கேட்கவில்லை. அவளாகவே சொல்கிறாள். கொழுப்பை வடித்துப் பழைய காபி டப்பாவில் ஊற்றிவிட்டு, வாணலியை அடுப்பிலேயே விட்டு நகர்கிறாள்.

மார்லிஸ் எனக்கு ஓரகத்தி. என் கணவர் கர்ட்டின் அண்ணன் டுவெய்னைக் கட்டியவள். இந்த மினசோட்டா மண்ணில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு சோளக்காடுதான் இருக்கிறது. காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். குள்ளம், பருமன், சிரித்தால் ஈறு முழுக்கத் தெரியும். விதைக் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்த தொப்பியைத் தேவாலயத்துக்குப் போகும்போது மட்டும் கழற்றுவாள். இவ்வளவையும் நான் கவனித்து வைத்திருக்கிறேன். ஓரகத்தி என்று ஒருத்தி இருந்தால் கண் அங்கேதான் போகிறது, என்ன செய்ய?

அவள் செய்கிற ஹாட்டிஷ் என்கிற ஓவன் பண்டத்தில் எந்த வித்தையும் இல்லை. அடியில் கொத்துக்கறி, அதன்மேல் பீன்ஸ், அதன்மேல் டப்பாவில் வரும் காளான் சூப், உச்சியில் உறைந்த உருளைக்கிழங்கு உருண்டைகள். எல்லாம் ஒரு கண்ணாடி ட்ரேயில் அடங்கி ஓவனுக்குள் போகும். சூப் டப்பாவில் ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் பால் விட்டு அலசி ஊற்றுவாள். நானும் அதே கடையில்தான் வாங்குகிறேன், அதே டப்பா, அதே உருண்டை. தேவாலயத்து விருந்தில் அவள் ட்ரே பூனை நக்கியது போலத் திரும்புகிறது. என்னுடையதைப் பாதிக்கு மேல் நானே சுமந்து வருகிறேன்.

உருண்டைகளை அவள் அடுக்குவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்க வேண்டும். ஒன்று கோணினால் பேருந்தில் சேட்டை செய்யும் பிள்ளையை அதட்டுவது போல, "வரிசைல நிக்க மாட்டியா நீ? வா இங்க" என்று எடுத்து, பனிக்கட்டியாக இருப்பதையே வாயில் போட்டுக் கடிப்பாள். ருசி பார்ப்பது கிடையாது. கடிகாரம் பார்ப்பதும் கிடையாது. ஓவன் கதவருகே குனிந்து காதைக் கொடுப்பாள். "இன்னும் முணுமுணுக்குது. நல்லா பேச ஆரம்பிக்கட்டும்" என்பாள். ஓரங்களில் குழம்பு கொதித்து ஏறுகிற சத்தத்தைத்தான் சொல்கிறாள். வெளியே எடுத்த ட்ரேயைத் துண்டால் சுற்றிக் காரின் முன் சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டும் மாட்டுவாள். டுவெய்ன் பின் சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு வருவார். அவர் சிந்த மாட்டார், ட்ரே சிந்தும் என்பது அவள் கட்சி.

எங்கள் பக்கத்து ஆட்கள் வாய்விட்டுப் புகழ மாட்டார்கள். "பரவாயில்ல" என்றால் உச்சி குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். "வித்தியாசமா இருக்கு" என்றால் வாயில் வைக்க முடியவில்லை என்று அர்த்தம். மார்லிஸின் ஹாட்டிஷுக்கு எங்கள் பாதிரியாரே கண்ணை மூடிக்கொண்டு பரவாயில்லை என்கிறார். என்னுடையதை வித்தியாசமாக இருப்பதாகச் சொல்லாத ஆள் இந்த ஊரில் பாக்கி இல்லை.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இந்த அக்டோபரில் என் மகள் கெர்ஸ்டிக்குத் தேவாலயத்தில் திடப்படுத்தல் ஆராதனை, குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தை வளர்ந்த பிள்ளை தானே உறுதி செய்கிற நாள். அன்று வீட்டில் விருந்து. என்ன சமைக்கட்டும் என்று அவளிடமே கேட்டேன். போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பெரியம்மா பண்ற ஹாட்டிஷ்" என்றாள். நான் பண்ணுகிறேனே என்றேன். அவள் ரொம்பப் பெருந்தன்மையாக, "நீயும் பண்ணும்மா, வேணாங்கல. ஆனா பெரியம்மாவோடது இருக்கணும்" என்றாள். சுமந்து பெற்றவள் நான், நாக்கைப் பிடித்து வைத்திருப்பவள் அவள்.

அந்த வாரம் கேக் ட்ரே ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் மார்லிஸ் வீட்டுக்குப் போய் அவள் சமையல் முழுவதையும் பார்த்தேன். கிளம்பும்போது அவளே ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ட்ரே கொண்டு வரட்டுமா என்றாள். இங்கே எதையும் முதல் தடவையே வாங்கிக்கொள்வது மரியாதையில்லை. இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாம் தடவை, சரி, இவ்வளவு சொல்கிறாய் என்பதால் என்று இழுக்க வேண்டும். முதல் தடவை வேண்டாம் என்றேன். கறி ஃப்ரீசரில் சும்மாதான் கிடக்கிறது என்றாள். உனக்கு எதற்கு வீண் சிரமம் என்றேன். இரண்டும் ஆயிற்று. சரி சொல்ல வாயையும் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் அவள், "கெர்ஸ்டிக்கு அதுன்னா உசிராச்சே, டார்லா" என்றாள்.

"வேண்டாம் மார்லிஸ். எம்பொண்ணுக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியும்."

மூன்றாம் முறையும் வேண்டாம் என்பது எங்கள் ஊரில் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். ஏற்கெனவே துடைத்திருந்த மேடையை அவள் இன்னொரு முறை துடைத்தாள். "சரி, அப்ப நான் பன் கொண்டு வரேன்" என்றாள். என் வீட்டுப் படி ஏறும்வரை எனக்கு ஒரே குஷி. ஏறியதும்தான் ஹாட்டிஷை இனி நானே பண்ண வேண்டும் என்பது உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் செய்வதை ஒன்று விடாமல் செய்தேன். புதிதாக மத்து வாங்கிக் குத்தினேன். உருண்டைகளை ஒரே திசையில் படுக்க வைத்தேன். ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் வீட்டுக்கு ஓடிவந்து ட்ரேயை ஓவனில் வைத்தேன். ஓவன் கதவில் காதை வைத்ததில் காது மடல் சுட்டதுதான் மிச்சம். அவளோடு பேசுகிற குழம்பு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தேவாலயத்திலிருந்து கார்கள் வந்து நின்றதும் பதற்றத்தில் வெளியே எடுத்துவிட்டேன். மேலே வெளுத்திருந்தது. அடியில் தண்ணீர். ஒரு மூலை மட்டும் எப்படியோ சிவந்து முறுகியிருந்தது.

மார்லிஸ் பன் தட்டோடு உள்ளே வந்தாள். சட்டையில் குத்திய சிவப்புப் பூவோடு கெர்ஸ்டி ஓடிப்போய் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "ஹாட்டிஷ் எங்க பெரியம்மா? கார்லயா?"

உங்கம்மா வேண்டாமென்றுவிட்டாள் என்று மார்லிஸ் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைய தினம் எனக்கு முடிந்தது. அவள் இடத்தில் நானாக இருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பேன்.

"எங்க ஓவன் காலைல மக்கர் பண்ணிடுச்சுடி. நல்லவேளை, உங்கம்மா பண்ணியிருக்கா" என்றாள் மார்லிஸ்.

நன்றியோடு நெகிழ்ந்து போனேன் என்று எழுதினால் அது பொய். ஆராதனை முடிந்த கையோடு, தேவாலயத்து உடுப்பில், முகம் மாறாமல் எனக்காக ஒருத்தி பொய் சொல்கிறாள். எனக்கு அது வராது. அந்தத் திறமையும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று எரிச்சல்தான் வந்தது.

எல்லோரும் நாகரிகத்துக்கு ஆளுக்கொரு கரண்டி போட்டுக்கொண்டார்கள். டுவெய்ன் மென்றுகொண்டே ஏதோ சொல்ல வந்தார். மார்லிஸ் பார்த்த பார்வையில் அதைக் கறியோடு விழுங்கினார். கெர்ஸ்டி ஹாட்டிஷைத் தொடவே இல்லை. பன்னில் வெண்ணெய் தடவித் தடவி அதையே தின்றுகொண்டிருந்தாள். மேசை நடுவே ட்ரே முக்கால்வாசி நிறைந்து உட்கார்ந்திருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்க எல்லோருக்கும் காபி ஊற்றினேன்.

மார்லிஸ் ட்ரேயைத் தன் பக்கம் இழுத்தாள். முறுகிய மூலையில் கரண்டியைச் செருகிச் சுரண்டி எடுத்துத் தட்டில் போட்டுச் சாப்பிட்டாள். அவசரமே இல்லை. மறுபடியும் சுரண்டினாள். கெர்ஸ்டி பன் கடிப்பதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தாள். பிறகு தன் தட்டை மேசைக்குக் குறுக்கே நீட்டினாள்.

"அந்த மூலைல எனக்கும் கொஞ்சம், பெரியம்மா."

மார்லிஸ் கரண்டியைச் செருகினாள், பாதியில் நிறுத்தினாள். நீட்டிய தட்டு அந்தரத்திலேயே இருந்தது. ட்ரேயை மெல்ல என் பக்கம் தள்ளி, கரண்டியின் பிடி எனக்கு எட்டும்படி திருப்பி வைத்தாள்.