தோழியின் மழையை அழித்த வரி

கணினிக்கான கட்டளைகளை வரிசையாக அடுக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதக் கற்ற புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கோ தொலைவில் இருக்கும் ராட்சதக் கணினிக்கு, கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி நாற்பது வேலைகளை ஒரே கட்டளையில் அனுப்பலாம் என்றால் யாருக்குத்தான் திமிர் வராது?

என்னோடு ஆய்வு செய்த தோழி அப்போது நிறைமாதம். கடம்பூரில் தாய்வீட்டில் இருந்தாள். மழை பிந்தினால் கரிசல் மண் எத்தனை நாள் ஈரம் தாங்கும் என்று ஊர் ஊராகக் கணக்கிடுவது அவள் ஆய்வு.

"பிள்ளை வருமுன்ன ஆய்வேட்டைக் கொடுத்திரணும்ட்டி. வந்துட்டா, அப்புறம் படின்னு மாமியார் வீட்ல சொல்லிருவாவ. அந்த அப்புறம் வரவே வராது" என்றாள்.

அந்த ராட்சதக் கணினியில் அவள் கணக்குகளை ஓட்டும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு ஊர் முடிந்ததும், தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் ஃபோல்டருக்குள் போ, அங்கிருப்பதையெல்லாம் அழி என்று ஸ்கிரிப்டில் எழுதினேன். உள்ளே போக முடியாவிட்டால் நிறுத்து என்று எழுதவில்லை. அந்த ஃபோல்டரை முந்தின நாள் நானே வேறிடத்துக்கு மாற்றியிருந்தேன். ஸ்கிரிப்ட் அதைத் தேடிக் காணாமல், தான் நின்ற இடத்தையே துடைத்தெடுத்துவிட்டது. அங்கேதான் அவளுடைய முடிவுகள் முழுவதும் இருந்தன. பசுவந்தனை, புதியம்புத்தூர் என்று ஓர் ஊர் பாக்கியில்லை. நகலும் எடுத்து வைக்கவில்லை. அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

போனில் சொல்ல மனம் வரவில்லை. பஸ் ஏறிப் போய் அவள் முன்னால் நின்று சொன்னேன்.

"எல்லாமேவாட்டி?"

"எல்லாமே."

அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தினாள். "நீ பஸ்ல வந்த நேரத்துக்கு அங்கனயே திரும்ப ஓட்டிருக்கலாம்லா! மடச்சி, லேப்டாப்பை எடு."

இருவரும் சேர்ந்து ஸ்கிரிப்டைத் திருத்தி மறுபடி அனுப்பினோம். எங்களுக்கு முன்னால் யார் யாருடைய வேலைகளோ வரிசையில் நின்றன. கணினி நம் அவசரத்தையா பார்க்கும்? கடைசி ஆறு ஊர்கள் ஓடிக்கொண்டிருக்கையில் அவளுக்கு வலி கண்டுவிட்டது.

அந்த ஆறு ஊர்களும் முடிந்ததும் லேப்டாப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பெண் குழந்தை. குற்றவுணர்ச்சியில் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. அவள் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"இதையாவது பத்திரமா வச்சிரு, தாயே."

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த வாரமே அந்தக் கட்டிலிலிருந்தே ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.