சுவாமி பெயருக்கு ஆறு அர்ச்சனைகள்

தைப்பூசம் முடிந்த வாரம் என் இடது மார்பு சிவந்து வீங்கியது. தொட்டால் சூடாக இருந்தது. கிளினிக் மருத்துவர், நோய்த்தொற்றால் வந்த அழற்சியாக இருக்கலாம் என்று மாத்திரைகள் கொடுத்தார். பத்து நாளில் குறையாவிட்டால் கட்டாயம் திரும்பி வரவேண்டும் என்றார். பத்து நாள் கழிந்தது. சிவப்பு குறையவில்லை. நான் போகவில்லை.

அதன் காரணத்தை இதை வாசிக்கும் அடியார்களிடம் மறைக்க விரும்பவில்லை. என் தந்தையார் இரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். மறைந்த என் கணவர் நம் முருகன் கோயிலின் நிர்வாகத்தில் இருந்தவர். நான் மலேசியாவின் ஈப்போவில் முப்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள். எங்கள் வீட்டு நோய் வெளியே போனதில்லை. அதிலும் மார்பில் வந்ததை எந்த வாயால் சொல்வது? கேட்டவர்களிடம் வைரஸ் காய்ச்சல் என்றேன்.

வீட்டில் கணினி முன் அமர்ந்து வாசித்தேன். சில வைரஸ்களுக்கும் நீடித்த அழற்சிக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்றது ஒரு கட்டுரை. இன்னும் உறுதியில்லை என்றது மற்றொன்று. என் அச்சம் மட்டும் உறுதியாக வளர்ந்தது. மகளின் ஐந்து மாதக் குழந்தைக்கும் ஒட்டிவிடுமோ என்று அவனைத் தூக்குவதை நிறுத்தினேன். அவன் கையை நீட்டுவான். நான் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

வெள்ளிதோறும் கோயிலுக்கு வந்தேன். "முருகா, இது வெறும் தொற்றாகவே இருக்கட்டும்" என்பதே என் வேண்டுதல். ஆனால் அர்ச்சனைச் சீட்டில் என் பெயரைத் தரவில்லை. தந்தால் குருக்கள் சன்னதியில் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொல்வார். டீச்சருக்கு என்ன என்று நாலு பேர் கேட்பார்கள். "சுவாமி பெயருக்கு" என்றே சீட்டு வாங்கினேன்.

ஆறாம் வெள்ளியன்று சீட்டு எழுதும் லெட்சுமி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோப்பெங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, பால் சேகரிக்கும் வேலை பார்த்தவர். அதுவரை நான் அவரிடம் நலம் விசாரித்ததுகூட இல்லை.

"டீச்சர், ஆறு வாரமா சாமி பேருக்கே பண்றீங்க. சாமிக்கு என்ன நோவு லா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கண்டிக்க வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அவர் சீட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு என்னைத் தேங்காய் மூட்டைகளின் பின்னால் அழைத்துப் போனார். முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"எனக்கும் வந்துச்சு டீச்சர். ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. ஏழு வருசம் ஆச்சு. திங்கக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம், நான் கூட வாரேன்."

"யாராவது பார்த்துவிட்டால்?"

"எனக்குத் தொணைக்கு வந்ததா சொல்லிக்குங்க. இப்ப பேரச் சொல்லுங்க, எழுதணும்."

சொன்னேன். குருக்கள் அதை உரக்கச் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்களன்று மருத்துவரிடம் நான் முதலில் கேட்டது குழந்தையைப் பற்றித்தான்.

"இது புற்றுநோயாவே இருந்தாலும் ஒட்டாது, அம்மா. வைரஸ் தொடர்ப இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. மாத்திரைக்குக் குறையாத சிவப்ப மட்டும் விட்டு வைக்கக் கூடாது. ஊசியால கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கணும்."

அன்று மாலை பேரனைத் தூக்கினேன். இறக்கிவிட மனம் வரவில்லை.

முடிவுக்காகச் சில நாட்கள் காத்திருந்தேன். வந்த முடிவு, புற்றுநோய். ஆனால் மற்ற உறுப்புகளுக்குப் பரவியிருக்கவில்லை. இன்னும் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரைக் கேட்டேன். அவர் சிகிச்சை தொடங்கும் தேதியைக் குறித்துக் கொடுத்தார். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் நடந்தன. ஒவ்வொரு முறையும் பக்கத்து நாற்காலியில் லெட்சுமி இருந்தார். சென்ற மாத ஸ்கேனில் நோயின் அடையாளம் இல்லை. அடுத்த ஸ்கேனை நினைத்தால் இன்றும் அச்சமாகத்தான் இருக்கிறது.

தொற்றாக இருக்கட்டும் என்று கேட்டேன். முருகன் அதைத் தரவில்லை. சீட்டுப் புத்தகத்தின் பின்னாலிருந்து ஒரு கேள்வியை அனுப்பினான். அதனால் உயிரோடு இருக்கிறேன்.

இதை வாசிக்கும் சகோதரிகளே, அவனை நம்புங்கள். மருத்துவரிடமும் போங்கள். உங்கள் பெயரைச் சொல்லியே வேண்டுங்கள். இப்போது வெள்ளிதோறும் நான் இரண்டு சீட்டு வாங்குகிறேன். லெட்சுமி, ரோகிணி நட்சத்திரம். யோகேஸ்வரி, உத்திரட்டாதி நட்சத்திரம். குருக்கள் மெதுவாகச் சொன்னால், இன்னும் உரக்கச் சொல்லுங்கள் என்று நானே கேட்கிறேன்.