வில்லில் ஒரு எண்ணெய்க் கறை

அம்மாவின் வயலின் பெட்டியைத் திறந்தால் முதலில் என் கண் வில்லுக்குத்தான் போகும். கைப்பிடிக்கு மேலே மரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை. பதினொரு வயதில் நான் செய்த காரியம் அது. எத்தனை தடவை துடைத்தும் போகவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போனபோது, மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் அப்பா குமாஸ்தா. தன் ஊருக்குக் கப்பலேறிய பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அந்த வயலினை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கோவில்பத்தில் இருந்த எங்கள் வீட்டில் ஒரு வருடம் அது பீரோவின் மேல் சும்மா கிடந்தது. ஒருநாள் அம்மா, "நான் கத்துக்கிறேங்க" என்றாள். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அப்பா சிரித்தார். முடியாது என்று வாய்விட்டுச் சொல்கிறவர் இல்லை அவர்; நிபந்தனை போடுவார். "விஜயதசமிக்குப் பாட்டு டீச்சரை வரச் சொல்றேன். உனக்கு வரும்னு அவங்க சொன்னா கத்துக்க. இல்லன்னா கேக்கறவங்களுக்குக் குடுத்துடுவேன்." அந்த மாதம் முழுவதும் அம்மா அரிசி களையும்போதும் துணி பிழியும்போதும் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்கே புரிந்தது.

சரஸ்வதி பூஜை அன்று எங்கள் வீட்டில் உழைக்கிற சாமான் எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைப்போம். அப்பாவின் சைக்கிள், தையல் மிஷின், அரிவாள்மனை எல்லாம் என் பொறுப்பு. அந்த வருடம் வரிசையில் வயலினும் சேர்ந்தது. வில்லில் கட்டியிருந்த குதிரைமயிர் வறண்டு, வெள்ளைப் பொடி படிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. பொடியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, தலைக்குத் தடவுவதுபோல நுனிவரை தேங்காய் எண்ணெய் தடவினேன்; கைப்பிடிக்கு மேலே மரத்திலும் கொஞ்சம் பட்டது. பளபளவென்று ஆகிவிட்டது. பெருமையோடு கொண்டுபோய்ப் பூஜையில் வைத்தேன்.

மறுநாள் காலை திருநள்ளாற்றிலிருந்து டீச்சர் பஸ்ஸில் வந்தார். அம்மாவைவிடப் பத்து வயது சின்னவர். சுருதி சேர்த்துவிட்டு வில்லை இழுத்தார். சத்தமே வரவில்லை, வில் வழுக்கிக்கொண்டு போனது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"யாருங்க இதுக்கு எண்ணெய் போட்டது?"

நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அம்மா, "நான்தாங்க" என்றாள்.

"அந்த வெள்ளப் பொடிதாங்க கம்பியப் பிடிக்கும். பிடிச்சாத்தான் சத்தம். இனிமே மயிரையே மாத்தணும். தஞ்சாவூருக்குத்தான் அனுப்பணும்."

"சரி, இவளுக்கு வருமா, வராதா?" என்றார் அப்பா.

"வில்லு இல்லாம நான் எப்படிங்க சொல்றது? அது வரட்டும், பாப்போம்."

வில் திரும்பி வரத் தை மாதம் ஆகிவிட்டது. அதுவரை நாள் வீணாக வேண்டாம் என்று டீச்சர் ஞாயிறுதோறும் வந்து, கம்பியை விரலால் மீட்டியே அம்மாவுக்குச் சரளிவரிசை சொல்லிக்கொடுத்தார். மற்ற நாட்களில் உலை கொதிக்கும் நேரத்தில் அம்மா தரையில் உட்கார்ந்து டொக் டொக்கென்று மீட்டிக்கொண்டிருப்பாள். வில் வந்த அன்று முதல் இழுப்புக்கே பக்கத்து வீட்டம்மா பயந்துபோய் எட்டிப் பார்த்தார். ஆனால் அம்மாவின் இடக்கை விரல்கள் தப்பாமல் விழுந்தன. "விரல் உக்காந்துடுச்சுங்க. வில்லு தானா வரும்" என்றார் டீச்சர். அப்பா அவரைத் தொடர்ந்து வரச் சொன்னார்.

அம்மா கச்சேரி எதுவும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு கீர்த்தனை, அவ்வளவுதான். அவ்வளவு சந்தோஷமாக அவளை வேறெப்போதும் நான் பார்த்ததில்லை. எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாளே என்பது மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்குக் கண் மங்கிய பிறகு ஒருநாள் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு எனக்காக ஏம்மா பொய் சொன்னே?"

"பொய் என்னடி பொய்? நீ தடவுனது பத்தலன்னு நானும் ஒரு கை தடவுனேன்ல" என்றாள்.

இப்போதும் சரஸ்வதி பூஜைக்கு வில்லை எடுத்து வைக்கிறேன், எண்ணெய்க் கிண்ணத்தை எட்டத் தள்ளிவிட்டு. அந்தக் கறையில் பாதி அம்மாவுடையது. அதைத் துடைப்பதை விட்டுவிட்டேன்.