மழைக்கு எடுத்த படம்

லோயர் கேம்ப் தாண்டியதும் ஜீப்பை ஓரங்கட்டி, வண்டியையும் மலையையும் சேர்த்துப் படம் எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவது எங்கள் டிரைவர்களின் வழக்கம். குமுளிப் பாதையில் மழையா, மண் சரிந்திருக்கிறதா என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. ஏலத்தோட்ட வேலைக்கு வரும் பெண்களும் படத்தில் தலையை நீட்டிக்கொள்வார்கள். அதை ஒருநாள் விடாமல் பார்ப்பவர் எங்கள் கூடலூர் நர்ஸம்மா. "நர்ஸம்மாவும் காயெடுக்க வாராகளோ?" என்று நானே கேலி பேசியிருக்கிறேன். அவர் பார்த்தது மழையை மட்டுமல்ல, முகங்களையும்தான் என்பது அந்த ஐப்பசியில் எனக்கு உறைத்தது.

ஊரில் காய்ச்சல் பரவிய நேரம். ஆனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஜீப்பில் ஒருத்தி வராவிட்டால் அவள் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அதனால் படுத்தவள் தன் வீட்டு ஆளையே அனுப்பி இடத்தைக் காப்பாற்றிக்கொள்வாள். வண்டி நிறைந்தால் எங்களுக்கும் போதும். ஒருநாள் என் ஜீப்பில் வழக்கமாக வரும் என் தங்கைக்குப் பதில் அவள் நாத்தனார் ஏறினாள். படத்தைப் போட்டுவிட்டு மலையேறத் தொடங்கியதும் நர்ஸம்மாவின் போன் வந்தது.

"தம்பி, ஒன் தங்கச்சி எங்கன?"

"காய்ச்சல்க்கா. நேத்தே விட்டுருச்சாம். நாளைக்கு வந்துருவா."

"விட்டதுக்கப்புறந்தான்யா பயமே. வயித்துவலி, வாந்தி ஏதும் இருக்கா?"

நாத்தனாரைக் கேட்டேன். ராத்திரியெல்லாம் வாந்தியாம், கைகால் சில்லிட்டுக் கிடக்கிறதாம். காய்ச்சல்தான் இல்லையே என்று படுக்கவைத்துவிட்டு வந்திருக்கிறாள். நான் அதைச் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. முன்னும் பின்னும் லாரிகள், கண்ணை மறைக்கும் மூடுபனி, வண்டியைத் திருப்ப இடமில்லை. தினமும் ஏறுகிற மலை அன்று முடியவே மாட்டேன் என்றது.

குமுளியில் சிக்னல் வந்ததும் வாட்ஸப்பில் அவர் பேசி அனுப்பிய குரல்பதிவு வந்திருந்தது. என் பதிலுக்குக் காத்திராமல் தங்கை வீட்டுக்கே போயிருக்கிறார். "டெங்கு மாதிரி தெரியுது. தேனிக்குக் கொண்டுபோறேன். நீ பதறாம வண்டிய எறக்கு."

பெரியாஸ்பத்திரியில் அவள் பிழைப்பாளா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஒருவழியாகத் தெளிந்து கண்விழித்தவள் முதலில் சொன்னது இதுதான்: "அண்ணே, என் சீட்ட வேற ஆருக்கும் குடுத்துராத."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "உசுரு பெருசா, சீட்டு பெருசாடி?" என்று கத்திவிட்டேன். நர்ஸம்மா என்னைத்தான் முறைத்தார். "அவள ஏன்யா வையிற? வராதவ எடத்த வெறுமனே விட்டுட்டுப் போ. வந்ததும் அவளுக்கே குடு."

மற்ற டிரைவர்களிடம் சண்டை போட்டுத்தான் அதை வழக்கமாக்கினேன். நர்ஸம்மா கடமலைக்குண்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இன்று காலை நல்ல மழை. நான் போட்ட படத்தில் ஓர் இடம் காலி. முதல் வளைவு வருவதற்குள் போன் அடித்தது.

"வராதது ஆருப்பா?"