இருட்கோனுக்கு நான் மாற்றிக் கொடுத்த முடிவு

அந்த வசனத்தை மாற்றியவள் நான்தான். மணியம் அல்ல. மணியத்துக்கு மேடையில் சொந்தமாக ஒரு வரி பேச வராது... இத்தனை வருடங்களாக அவன் தலையில் அந்தப் பழியைக் கட்டிவிட்டு, நான் நிம்மதியாகத் திரிந்தேன்.

நிம்மதியாகவா? அதுவும் பொய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நன்றாக எழுதுவேன். இதில் எனக்கு அடக்கம் கிடையாது. பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவுக்கு வருடா வருடம் ராஜா ராணிக் கதையே போட்டுக்கொண்டிருந்த மேடையில், விண்கலத்தை இறக்கியவள் நான்! எழுபதுகளின் கடைசி அது. டவுனில் தையல் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஈப்போவுக்குப் போய் ஓர் ஆங்கில விண்வெளிப் படம் பார்த்தேன். பேச்சு பாதி புரியவில்லை. ஆனாலும், திரும்பி வரும் பேருந்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இதைவிட நன்றாக என்னால் எழுத முடியும் என்று.

எழுதினேன். மூன்று திருவிழாவுக்கு மூன்று பாகம்.

இருட்கோன் கோள்களை எரிப்பவன். எரிந்துபோன ஒரு கோளின் சாம்பலில் கிடந்த குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு போய் வளர்க்கிறான். அந்தப் பிள்ளை விண்மணி. வளர்ந்த பிறகு, தன்னை வளர்த்தவன் என்னென்ன செய்தவன் என்று அறிந்து, அவனுக்கெதிராகவே படை திரட்டுகிறான். இருட்கோனின் முகமூடியைப் புகைபோட்ட ரப்பர் ஷீட்டில் வெட்டித் தைத்தேன். நாற்றம் தாங்காமல் வேடக்காரர் உறுமிய உறுமலே தனி அழகு!

இருட்கோன் யார் என்று தோட்டத்தில் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவாரே, எங்கள் மண்டோர், வேலை வாங்கும் கங்காணி, அவருடைய பேச்சை அப்படியே அவன் வாயில் வைத்தேன். "பிந்தி வந்தவன் திரும்பிப் போ! ஒனக்காக மரம் காத்துக்கிட்டு நிக்காது!" இதை இருட்கோன் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துச் சொன்னபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. காய்ச்சலோடு கொஞ்சம் தாமதமாக வந்தவனைக்கூட வேலையில்லாமல் திருப்பி அனுப்பியவர் எங்கள் மண்டோர். சிரிக்கமாட்டார்களா?

அந்த மண்டோரை நான் வீட்டுக்குள் அப்பா என்று கூப்பிட்டேன்.

ஆம்... என்னைப் பெற்றவர் நான் நடக்கப் பழகுமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆள் செத்தால் லயத்து வீட்டைக் காலி செய்தாகவேண்டும், அதுதான் தோட்டத்து வழக்கம். துரை முன்னால் போய் நின்று, அம்மாவுக்குப் புல் வெட்டும் வேலை வாங்கிக் கொடுத்து, அந்த வீட்டைக் காப்பாற்றியவர் மண்டோர். அவருக்குக் குடும்பம் இல்லை. என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார். ஊர் சும்மா இருக்குமா? பேசியது. அதனால் அம்மா எனக்கொரு விதி வைத்தாள். வீட்டுக்குள் அப்பா, வாசலைத் தாண்டினால் மண்டோர்.

அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் என்ன இருந்தது? எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

நல்லவரா, கெட்டவரா... நீங்கள்தான் சொல்லுங்களேன் பார்ப்போம்! காய்ச்சல்காரனைத் துரத்தியதும் அவர்தான், எனக்குக் காய்ச்சல் கண்டபோது மழையில் சைக்கிள் மிதித்து மருந்துக்குப் போனதும் அவர்தான். மூன்று பாகம் எழுதியும் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் முடிவு கிடைத்தது. கடைசிக் காட்சியில் விண்மணி ஓங்கிய வாளைத் தாழ்த்தி, இருட்கோனின் கையைப் பிடித்து, "அப்பா, வாருங்கள், போகலாம்" என்பான். அவ்வளவுதான்.

ஒத்திகையை எல்லாரும் வந்து பார்த்தார்கள். அவரும் பார்த்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிடும்போது கேட்டார்.

"அந்தக் கறுப்பு மொகமூடிக்காரன் நான்தான?"

"ஆமாப்பா."

"தெரியும் லா. எல்லாப் பயலும் என்னையப் பாத்துத்தான சிரிக்கிறானுங்க." மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினார். "கடைசி சீன்ல அந்தப் பய எல்லார் முன்னாடியும் அப்பான்னு கூப்புடுறான் பாரு... அது நல்லாருக்கு. அத மாத்திடாத."

மாத்திடாத என்றார்!

திருவிழாவுக்குச் சீக்கிரமே வந்து, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா பெண்கள் பக்கத்தில் இருந்தாள்.

இங்கே எங்கள் நாடகத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பகலெல்லாம் மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு வருகிறவனுக்கு வசனம் மனப்பாடம் செய்ய ஏது நேரம்? யாரும் செய்வதில்லை. நான் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று வரிவரியாக எடுத்துக் கொடுப்பேன். கேட்டதை அப்படியே உரக்கச் சொல்வார்கள். விண்மணியாக நடித்த மணியம் இருக்கிறானே, நான் தும்மினால் அவனும் தும்முவான்!

கடைசிக் காட்சி. இருட்கோன் முகமூடியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டான். மணியம் வாளை ஓங்கினான்.

"வெட்டுடா அவன!" என்று கூட்டம் கத்தியது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. "யாரு எழுதுன கதைன்னு எங்களுக்குத் தெரியும் லா! அப்பான்னு கூப்புடச் சொல்லு, பாப்போம்!"

பெண்கள் பக்கமும் சேர்ந்து சிரித்தது. பிறகு எல்லாரும் அடங்கிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். மணியமும் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தபடி காத்திருந்தான்.

நான் எடுத்துக் கொடுத்தேன். அவன் தவறவிட்டுவிடக் கூடாதென்று உரக்கவே கொடுத்தேன்.

"என் அப்பன் எப்போதோ செத்துவிட்டான். நீ எனக்கு யாருமில்லை!"

மணியம் முழங்கினான். வாள் இறங்கியது. தோட்டமே எழுந்து நின்று கைதட்டியது.

அம்மாவைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதி உண்மை. மீதியையும் கேளுங்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது... ஐயோ, எவ்வளவு பிடித்திருந்தது!

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார், "கைத்தட்டு நல்லா வந்துச்சு லா."

"மணியம் வசனத்தக் கோட்ட விட்டுட்டான்ப்பா. அவனா என்னமோ சொல்லிட்டான்."

"அப்படியா... சரி."

மறுநாள் மணியம் நடுங்கிக்கொண்டே பெரட்டுக்குப் போனான். அவனுக்கு வழக்கமான மரங்களையே கொடுத்து அனுப்பினார் மண்டோர். அப்பாடா, என்னை நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஈப்போவில் எனக்குக் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுக்க அப்பா வேண்டுமே! நேரில் போய்க் கேட்டேன். "மணவறையில மண்டோருக்கு என்னா வேல? ஒங்க மாமாவக் கூப்புட்டு நிக்க வையி," என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். கல்யாணத்தன்று மண்டபத்தின் பின்பக்கம் நின்று பந்தி பரிமாறுவதை மேற்பார்த்தார். தோட்டத்தை விற்ற பிறகு சித்தியவானில் தங்கை மகன் வீட்டுக்குப் போனார். அங்கேயே இறந்தார். அப்போதும் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவருக்குத்தான் தெரியாதே என்ற தைரியம்!

அடுத்த வருடம் ஈப்போவில் ஒரு நாடகத்துக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். மாலை போட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். வாழ்க்கையில் அதுவரை நான் நாடகத்தைப் பெண்கள் பக்கத்திலிருந்தோ திரைக்குப் பின்னாலிருந்தோதான் பார்த்திருக்கிறேன்.

விளக்கு அணைந்தது. நடிகன் வாய் திறக்குமுன்பே, பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து யாரோ அவனுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகுதான் அவன் பேசினான். அடுத்த வரியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

முன்வரிசைக்கு ஒவ்வொரு வசனமும் இரண்டு முறை கேட்கும். இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்று அவர் அந்த வசனத்தை முதலில் என் குரலில்தான் கேட்டிருக்கிறார்.